பாலு ஏறாத விமானம்

செந்தில்,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று அறந்தாங்கி அச்சகத்திலிருந்து வந்தது. உன் பெயருக்குக் கீழே 'ஸ்டோர் சூப்பர்வைசர், புஜைரா' என்று போட்டிருக்கிறார்கள். உன் அம்மா அந்த வரியை எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். போன வாரம் போனில் நீ சொன்னாயே, "நீங்க வாங்கிக் குடுத்த விசாவுலதான்பா இவ்வளவும்" என்று, அதையும் சேர்த்துச் சொன்னாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அந்த விசா எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது. போன லீவுக்கு நீ வந்தபோது இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்து, இரண்டு தடவையும் நெல் விலையைப் பற்றிப் பேசி முடித்தேன். சர்க்கரை வியாதி கண்ணுக்கு ஏறிவிட்டது. எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் இதை வேறு யாரிடமாவது சொல்லித்தான் எழுத வைக்க வேண்டும், அது முடியாது. அதனால் இன்றே எழுதுகிறேன்.

நீ தினமும் பைப் எண்ணுகிற அந்தப் பெரிய யார்டு இருக்கிறதே, எண்ணெய் டேங்குகளுக்கும் மலைக்கும் நடுவில், அது ஒரு காலத்தில் விளையாட்டு மைதானம். நம் கஃபீலின், அந்த அரபு முதலாளியின் மூத்த மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். அங்கே பேஸ்பால் மேல் பித்துப் பிடித்து, இங்கே வந்ததும் புல் போட்டு, கம்பி வலை கட்டி ஒரு மைதானம் உண்டாக்கினார். ஜப்பான் இன்ஜினியர்களும் சில வெள்ளைக்காரர்களும் வெள்ளிக்கிழமைகளில் வந்து ஆடுவார்கள். ஆட்டம் சொல்லிக்கொடுக்க கியூபா நாட்டு அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு இரண்டு பேரை வரவழைத்தார். ஒருவன் பௌலினோ. இன்னொருவர் அவனுக்குக் காவல் மாதிரி வந்த அதிகாரி, எல்லோரும் செக்ரெட்டரி என்று கூப்பிடுவோம். பௌலினோ என்ற பெயர் நம் ஆட்கள் வாயில் ஒரே வாரத்தில் பாலு ஆகிவிட்டது. ஆறடிக்கு மேல் உயரம், கறுப்பு, வாசல் நிலைக்குக் குனிந்துதான் வருவான். பாலு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து "யல்லா பாய்" என்பான்.

அவன் யார் என்று எங்களுக்கு முதலில் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கேம்ப் ஆட்கள் மைதானத்து ஓரத்தில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பரமக்குடிப் பையன் ஒருவன், நல்ல வேகமாக வீசுவான், "பாலு, வர்றியா" என்று சும்மா கூப்பிட்டான். பாலு தன்னுடைய உருண்டைக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். முதல் பந்து வலையைத் தாண்டியது. இரண்டாவது ரோட்டைத் தாண்டியது. மூன்றாவது பந்து எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை, மலைப் பக்கம் கையைக் காட்டினார்கள். பந்து தீர்ந்துபோய் ஆட்டம் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பான்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "இந்த ஆள் யாரென்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கியூபாவில் அவனைவிட அதிகமாக மைதானத்துக்கு வெளியே பந்தை அடித்தவன் யாரும் இல்லை என்றார். ஹோம் ரன் என்று அதற்குப் பெயர். "அமெரிக்காவில் பிறந்திருந்தால் இவனுக்குச் சொந்தமாக விமானம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாலு அப்போது தொலைந்த பந்தைத் தேடி முள்ளுக்குள் நடந்துகொண்டிருந்தான்.

நான் கம்பெனி டிரைவர். நம் கம்பெனி விசா எல்லாம் துபாயில் அடித்தது. மெடிக்கல், ஸ்டாம்பிங், எதுவானாலும் ஆளையும் பாஸ்போர்ட்டையும் ஏற்றிக்கொண்டு மசாஃபி மலை ரோட்டில் துபாய்க்கு ஓட்ட வேண்டும். மைதானத்துச் சாமான் வாங்கவும் பாலு என்னோடுதான் வருவான். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். எனக்கு வந்த இந்தியும் அவனுக்கு வந்த இங்கிலீஷும் சேர்ந்து ஒரு பாஷை ஆனது. மசாஃபியில் பழக்கடைக்குப் பக்கத்தில் டீ குடிப்போம். அங்கே உட்கார்ந்துதான் அவன் தன் கதையைச் சொன்னான். அவன் சொன்ன அரைகுறைப் பேச்சை நம் பேச்சாக்கி எழுதுகிறேன்.

சர்க்கரை ஆலை ஊர் அவனுக்கு. அப்பா கரும்பு ஏற்றுகிற கூலி. பதினெட்டு வயதில் மாகாண அணி, இருபதில் நாட்டு அணி. அங்கே விளையாட்டுக்காரனுக்கும் வாத்தியாருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளமாம். ஒரு தடவை வேறு நாட்டில் போட்டி. ஹோட்டல் அறைக் கதவுக்கு அடியில் யாரோ ஒரு கார்டைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த நம்பருக்குப் பேசு, அமெரிக்காவில் ஆடலாம், உன் ஏழு தலைமுறை உட்கார்ந்து சாப்பிடும் என்று அதற்கு அர்த்தம். அதே அறையில் இவனோடு இருந்தவன் பந்து வீசுகிறவன். அவனுக்கும் ஒரு கார்டு.

"நீ என்ன பண்ணின?" என்று கேட்டேன்.

"கிழிச்சுப் போட்டேன். ஊர்ல அம்மா இருந்தாங்க."

"அவன்?"

"மறுநாள் காலையில போயிட்டான்."

"போறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பை கட்டும்போது நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

"பெரிய ஆளுக கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். நம்பல. ஒரு வருஷம் என்னை ஆடவிடாம உட்கார வச்சாங்க." டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான், "எப்படிப் பாய் சொல்றது? பக்கத்துக் கட்டில்ல படுத்தவன்."

அந்த ஒரு வருஷம் போகாமல் இருந்திருந்தால் அவன் கணக்கு இன்னும் மேலே போயிருக்கும். திரும்ப வந்து அடித்தான், அடித்து எல்லோரையும் தாண்டினான். அப்புறம் முப்பத்தாறு வயதில், இளம் ஆட்களுக்கு வழி விடு என்று இவனையும் இன்னும் சில மூத்தவர்களையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். மரியாதைக்கு ஒரு வெளிநாட்டு வேலை. அதுதான் புஜைரா. "கை இன்னும் அதே வேகம்தான் பாய்" என்று முஷ்டியை மடக்கிக் காட்டுவான். நான் சிரிப்பேன். அவன் சிரிக்க மாட்டான். தன் நாட்டுக்கு வெளியே, சம்பளத்துக்கு வீசுகிற பெரிய ஆட்களை எதிர்த்து ஒரு தடவைகூட அவன் நின்றதில்லை. தான் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரனா, இல்லை சின்னக் குளத்துப் பெரிய மீனா என்று தெரியாமலே செத்துப்போவேன் என்றான். அதைவிட வேறு எதுவும் அவனைத் தின்னவில்லை.

அவனை நீ ஒரு தடவை கேட்டிருக்கிறாய். நான் உனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்கும்போது ரிசீவரைப் பிடுங்கி, "ஹலோ செந்தில், கம் துபாய்" என்று ஒரு கட்டைக்குரல் பேசியதே, அவன்தான். நீ அப்போது டிப்ளமோ முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாய். மேனேஜரிடம் உனக்காக நான் கேட்டிருந்தேன். அவர் மலையாளி, மோசமான மனுஷர் இல்லை, "நோக்காம்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் போய்விட்டது. இதெல்லாம் பாலுவுக்குத் தெரியும். என் குடும்பத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆகஸ்ட் வெயிலில் நான் யார்டில் மயங்கி விழுந்தபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக் வரை ஓடியவன் அவன். விழுந்து எழுந்தது பற்றி உங்களுக்கு நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவன் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

டேங்குகளில் வெல்டிங் சோதிக்க ரமீரோ என்று ஒரு மெக்சிகோக்காரர் இருந்தார். பாலுவின் பாஷையும் அவர் பாஷையும் ஒன்று. இருவரும் பேச ஆரம்பித்தால் செக்ரெட்டரி நெருங்கி வந்து நிற்பார். ரமீரோவின் மைத்துனர் மெக்சிகோவில் ஒரு பேஸ்பால் அணியில் வேலை பார்த்தார். பாலு வந்து சேர்ந்தால் ஒரு சீசன் ஆடலாம் என்று ஏற்பாடு ஆகிவிட்டது. தாள்களையும் டிக்கெட்டையும் ரமீரோ தயார் பண்ணினார். அந்த வருஷம்தான் பாலுவின் அம்மா இறந்துபோயிருந்தாள், கடைசியாக முகம் பார்க்கவும் அவனைப் போக விடவில்லை. இனி அங்கே அவனைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. குறுக்கே நின்றது பாஸ்போர்ட் மட்டும்தான். அது மேனேஜர் மேஜை டிராயரில். வருஷத்துக்கு ஒரே நாள், விசா புதுப்பிக்கிற நாள், அது டிராயரை விட்டு வெளியே வரும். வந்தால் என் கையில்தான் வரும்.

மசாஃபியில் டீ குடிக்கும்போது கேட்டான். "நீ ஒண்ணும் செய்ய வேணாம் பாய். ஸ்டாம்பிங் முடிஞ்சதும் என் பாஸ்போர்ட்டை என் கையில குடு. பாத்ரூம் போனான், வரலைன்னு சொல்லு. மூணு மணிக்கு பிளைட்டு. நீ தேடிக்கிட்டு இருக்கும்போதே நான் போயிருப்பேன்."

"என்னைக் கேப்பாங்களே."

"கேப்பாங்க. திட்டுவாங்க. உனக்கு வேணாம்னா இப்பவே மாஃபின்னு சொல்லிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

நான் அச்சா என்றேன். செந்தில், நான் மனசாரத்தான் சொன்னேன். அதை நீ நம்ப வேண்டும் என்றுகூட இப்போது கேட்க மாட்டேன். ஆனால் மூன்று நாள் அப்படித்தான் இருந்தேன், இதைச் செய்துவிடப் போகிறேன் என்ற நினைப்பிலேயே நெஞ்சு நிமிர்ந்து இருந்தது.

மூன்றாம் நாள் உன் அம்மா போனில் சொன்னாள், "செந்தில் சாப்பிடவே மாட்டேங்கிறான். வெளிய தலை காட்டுறதில்ல. கூடப் படிச்சவனுக எல்லாம் போயிட்டானுக. நீங்க அங்க இருந்து என்னதான் பண்றீங்க?" மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாஸ்போர்ட் வாங்க மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் டிராயரைத் திறந்து ஆறு பாஸ்போர்ட்டை எண்ணி மேஜையில் வைத்தார். வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார், "பத்திரம். கையில இருந்து விடாதே." நான் எடுக்கவில்லை. "சார், ஒரு விஷயம்" என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், ரமீரோ பெயரைத் தவிர. அதை மட்டும் மறைத்ததை வெகுநாள் ஒரு நல்ல காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு கீழே இருந்தேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "நன்றாயி" என்று மட்டும் சொன்னார். அதோடு நான் போயிருக்கலாம். மாட்டிக்கொண்டால் ஜெயில், அந்தப் பயத்தில் சொன்னேன் என்று உனக்கும் எனக்கும் பொய் சொல்லிக்கொள்ளவாவது வழி இருந்திருக்கும். நான் போகவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "சார், என் மகன் விஷயம்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், "போட்டோவும் பாஸ்போர்ட் காப்பியும் வரச் சொல்லு" என்றார். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அந்தக் குரலை நான் எத்தனையோ தடவை திரும்பக் கேட்டிருக்கிறேன்.

எதுவும் தெரியாதது போல வண்டியை எடு என்று உத்தரவு. எடுத்தேன். பாலு முன் சீட்டில் உட்கார்ந்தான். பின்னால் இருந்த ஐந்து பேரும் தூங்கிவிட்டார்கள். அவன் முகம் மழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையில் பை எதுவும் இல்லை, சந்தேகம் வரக் கூடாது என்று எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். மலை ஏறும்போது அவர்கள் பாஷையில் மெதுவாகப் பாடினான். மசாஃபியில் வண்டியை நிறுத்தச் சொன்னான். நான் நேரமாகிவிட்டது என்றேன். "சரி, சரி" என்று என் முழங்காலைத் தட்டினான். "பயப்படாத பாய். நான் போய்ச் சேர்ந்ததும் ரமீரோகிட்ட சொல்லி அனுப்புறேன்." இரண்டு மணி நேரம், செந்தில். எந்த வளைவிலும் வண்டியை ஓரம் கட்டியிருக்கலாம். இறங்கி ஓடு, அங்கே காத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவில் சொல்லலாம் என்று நினைத்தேன். தைத் வந்தது, ஷார்ஜா வந்தது.

விசா ஆபீஸ் வாசலில் செக்ரெட்டரியும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். பாலு பார்த்தவுடன் புரிந்துகொண்டான். ஓடவில்லை, சத்தம் போடவில்லை. கதவைத் திறந்து இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர்களிடம் நடந்தான். அடிக்கத் தவறிய ஆட்டக்காரன் மைதானத்தை விட்டு வெளியே நடக்கிற நடை அது. அவன் அப்படி நடந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு நாள் கழித்து ஊருக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்துக்கு ஓட்டியதும் நான்தான். செக்ரெட்டரி பின்னால் அவனோடு உட்கார்ந்திருந்தார். இறங்கியதும் அவர் டிராலி எடுக்கப் போனார், ஒரு நிமிஷம் கிடைத்தது. நான் பேசுவதற்குள் அவன் பேசினான்.

"ரமீரோ நல்லவன். அவன் சொல்லியிருக்க மாட்டான். நீயும் சொல்லியிருக்க மாட்ட. நான்தான் சந்தோஷத்துல எங்கயோ வாய விட்டிருக்கேன்."

நான் டிக்கியைத் திறந்து அவன் பையை இறக்கினேன்.

"செந்திலுக்கு விசா ஆச்சா?"

"வரும்" என்றேன்.

"அச்சா" என்றான். என்னைக் கட்டிக்கொண்டான். செக்ரெட்டரி டிராலியோடு வந்துவிட்டார்.

உன் விசா நாற்பது நாளில் வந்தது. நீ வந்து இறங்கிய அன்று உன்னைக் கூட்டிவந்ததும் அதே ரோட்டில்தான். மசாஃபியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னாய். நான் நிறுத்தவில்லை, உனக்குக் கோபம் வந்தது. மைதானத்துப் புல் காய்ந்தது, முதலாளி மகனுக்கு வேறு பித்து வந்தது, வலையைப் பிரித்து பைப் அடுக்கினார்கள். நீ ஒவ்வொரு படியாக ஏறினாய். உன் முதல் பதவி உயர்வுக்கு நீ லட்டு கொடுத்தபோது எல்லோரும் சாப்பிட்டார்கள், நான் சர்க்கரை என்று சொல்லித் தப்பித்தேன். அப்போது எனக்குச் சர்க்கரை வந்திருக்கவில்லை. நீ உழைத்துத்தான் மேலே வந்தாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீ நன்றாக இருக்கிற ஒவ்வொரு நாளும் நான் செய்தது சரி என்று சொல்வது போல இருந்தது. அது சரியில்லை என்று ஆக வேண்டுமானால் நீ கஷ்டப்பட வேண்டும். எந்தத் தகப்பன் அப்படி வேண்டிக்கொள்வான்? இப்படி ஒரு இடத்தில் என்னை நானே கொண்டுபோய் அடைத்துக்கொண்டேன்.

நான் ஊருக்குத் திரும்புகிற வருஷம் ரமீரோவைப் பார்த்தேன். அவர் அபுதாபியில் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். டேங்க் வேலைக்காக ஒரு நாள் வந்தவர் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பாலுவுக்கு மைதானப் பக்கமே வரக் கூடாதென்று தடையாம். சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூட விடவில்லை. சர்க்கரை ஆலையில் மூட்டை எண்ணுகிற வேலை கொடுத்து, ஆலையும் மூடிப்போயிற்றாம். இதற்கிடையில் இன்னொருவன் அவனுடைய ஹோம் ரன் கணக்கைத் தாண்டியிருக்கிறான். ரேடியோவில் பெரிதாகச் சொன்னார்களாம், புதுச் சாதனை என்று. பழைய சாதனை யாருடையது என்று சொல்லவில்லையாம். "நீ நல்லா இருக்கியான்னு கேட்டு ஆள் மூலமா சொல்லி அனுப்பினான்" என்றார் ரமீரோ. "அவனுக்கு உன் மேல பிரியம்." நான் அவரிடமாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன், செந்தில். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

உனக்காகச் செய்தேன் என்று இதில் எங்கேயும் எழுதிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். நீ அப்படிக் கேட்டவன் இல்லை. உனக்கு இப்படி ஒரு வழி என்று தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பாயோ என்னவோ, அந்தச் சந்தர்ப்பத்தையும் நான் உனக்குத் தரவில்லை. உனக்குப் பிள்ளை பிறக்கும். பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டால் எதைச் செய்யவும் கை துணியும், அந்த வார்த்தை அப்படிப்பட்டது. அது உன் வாயில் வரும்போது நின்று யோசி. உன் கையிலும் இன்று பத்துப் பேருடைய டூட்டியும் லீவும் இருக்கிறது. ஒருவன் உன்னை நம்பி ஒன்று சொன்னால் அது உன்னோடு போகட்டும். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இதைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். எழுதி முடிக்கப்போகிறேன், குறையவில்லை. உன் தலையிலும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணாதே. உன் அம்மா பக்கத்திலேயே இருப்பாள், என்னால் பேச முடியாது. லீவு கிடைத்ததும் வந்து சேர். தாலி கட்டி முடிந்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழச் சொல்வார்கள். அம்மா காலில் விழு, மாமன் காலில் விழு. என்னிடம் வரும்போது விழ வேண்டாம். நீ குனிவதற்கு முன்னால் நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அப்படியே நின்றுவிடு.

அப்பா